எ போய் உ வந்த பலகை

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று.

உ

இந்த டைரியை எனக்குக் கொடுத்தது என் அக்கா மகள் தாரணி. அட்டையில் மண்புழுப் படம் இருப்பதால் உரக்கடையில் சும்மா கொடுத்தது என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் இது பதவிக்கு உண்டான மரியாதை. சாமந்தி கேட்டரிங்கின் மேலாளருக்கு ஒரு டைரி வேண்டும் என்று அவளே தீர்மானித்திருக்கிறாள்.

"மாமா, இனிமே வெளிய யார்கிட்டயாச்சும் எதையாச்சும் சொல்லோணும்னு வாய் ஊறுச்சுன்னா டீக்கடைக்குப் போகாதீங்க. இதுல எழுதிப்போடுங்க" என்றாள்.

வரலாற்றின் அருமை அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

என் பெயர் தெய்வசிகாமணி. ஊர் உடுமலைப்பேட்டை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். வேலைகள் பல பார்த்தவன். ஒரு மந்திரிக்கு என் கையால் ஜிலேபி பரிமாற, அவர் பன்னிரண்டு தின்றுவிட்டு மேடையில் பேச்சையே மறந்து நின்றார். தாரணி கேட்டால் அது கவுன்சிலர், இரண்டு ஜிலேபி என்பாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை.

தாரணி ஓட்டல் படிப்புப் படித்து, கோயமுத்தூரில் பெரிய ஓட்டலில் இருந்துவிட்டு வந்து இந்தத் தொழிலைத் தொடங்கினாள். சமையல் மாஸ்டர் ஆறுச்சாமி. நிர்வாகம் நான். அதாவது டெம்போவில் பாத்திரத்தோடு போவது, இறக்குவது, எண்ணித் திருப்பிக் கொண்டுவருவது. எங்களுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி குபேர மஹாலில் நடக்கும் கல்யாணங்கள். மண்டபத்து முதலாளி மருதாசலம். மண்டபம் போக நகைக்கடை, ஜவுளிக்கடை, தொட்டில் முதல் கட்டில் வரை விற்கும் கடை எல்லாம் அவருக்கு உண்டு. அவர் வீட்டுக்கும் செவ்வாய்தோறும் எங்களிடமிருந்து ஒரு தூக்கு போகிறது. பின்வாசல் வழியாக நானே கொண்டுபோகிறேன். அந்தத் தூக்கில் என்ன என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன். கண்ணைச் சுழற்றுகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

உ

தூக்கு விஷயம் இருக்கட்டும், இன்று அதைவிடப் பெரிய சங்கதி. முதலாளி மருதாசலம் என்னைத் தம் ஏசி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த அறைக்குள் போனவர்கள் கலெக்டரும் நானும்தான். வெள்ளி டம்ளரில் காபி வந்தது.

"ஏனுங் மேனேஜர் சார்" என்றார். சார் என்று சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். "இந்த ஆவணியில யாரு யாரு வூட்டு விசேசமெல்லாம் உங்க கையில இருக்குதுங்? நோட்டைப் பாத்துத்தான் சொல்லோணுமா?"

"நோட்டெதுக்குங்க? எல்லாம் இங்கிருக்குதுங்க" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

பிறகு ஆரம்பித்தேன். யார் வீடு, என்ன விசேஷம், எத்தனை இலை, போன் நம்பர், எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது. மின்வாரியத்து லோகநாதன் மகள் பிரவீணாவுக்கு வளைகாப்பு, ஏழு வகை சாதம், அதில் அந்தப் பெண்ணுக்கு மாங்காய் சாதம் என்றால் உயிர் என்பது வரை. ஒரு நம்பரிலும் ஓர் எண் தப்பவில்லை. முதலாளி அசந்து போனார். மூலையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. அது அதன் வேலை. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. பெரியவர்கள் பேசும்போது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த பெண்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உ

தூக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயில். எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

உ

காலையில் பத்துக் கிலோ வெங்காயம் உரித்தோம். சின்ன வெங்காயம். அதன் நடுவில் தாரணிக்குப் போன் வந்தது. கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். லோகநாதன் மகள் பிரவீணா.

"அக்கா, நேத்திருந்து போன் மேல போனுங்க்கா. தொட்டில் வேணுமா, காப்புக் கொலுசு வேணுமா, பேர் வெக்கற விழாவுக்கு மண்டபம் வேணுமான்னு கேக்கறாங்க."

தாரணி மாவிலிருந்து கையை எடுத்தாள். அந்த வளைகாப்பு ஆடியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கும் தாரணி சொன்னாளாம். வேண்டாம் என்றால் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"நான் ஆபீஸ்ல கூட யாருக்கும் சொல்லலைங்க்கா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து இப்பத்தான் சித்தெ எந்திரிச்சு நடக்கறேன். ஒரு பொண்ணு போன் பண்ணி, உங்களுக்கு மாங்கா சாதம்னா உசிராமே மேடம்ங்குது. அது உங்களுக்கு மட்டுந்தானுங்க்கா தெரியும்."

"பிரவீணா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க்கா. என்ற பேரை அழிச்சுப்போடுங்க. அது போதும்."

போன் நின்றது. தாரணி கையைக் கழுவினாள். கழுவின கையை மறுபடியும் கழுவினாள்.

"கண்ணு, நான் வந்து அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நான் கேக்கலீங் மாமா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சின்ன வெங்காயம் கண்ணுக்கு ரொம்பக் கெடுதல். சாயங்காலம் வரை எரிந்தது. மதியம் சாப்பிடவில்லை, நெஞ்சு கரிப்பு. மாங்காய் சாதம்தான் இருந்தது. அது எனக்கு எப்போதுமே ஆகாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உ

டீக்கடைக்குப் போகவில்லை. தூள் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

ஆகஸ்ட் 23, சனி

உ

தாரணி இணையத்திலிருந்து ஒரு தாள் எடுத்து வந்தாள். வெளிநாட்டில் ஏதோ ஒரு கேட்டரிங் கம்பெனி, வாடிக்கையாளர் விவரங்களை எப்படி வைத்துக்கொள்வோம் என்று எழுதி வெளியிட்டது. எல்லாம் இங்கிலீஷ். நான் படித்துப் பார்த்ததில் குக்கீஸ் என்று ஒரு பகுதி இருந்தது.

"நாம பிஸ்கோத்து போடறதில்லையே கண்ணு" என்றேன்.

"அது வேற பிஸ்கோத்துங் மாமா. நமக்கு வேண்டாம்" என்று அடித்துவிட்டு, வெள்ளைத் தாளில் தமிழில் தானே எழுதத் தொடங்கினாள். பேர், நம்பர், விலாசம், விசேஷம், சாப்பாட்டில் எது ஆகாது, இவ்வளவுதான் கேட்போம். சமைக்கவும் கொண்டுவரவும் தவிர வேறு எதற்கும் தொட மாட்டோம். யாருக்கும் கொடுக்க மாட்டோம், விற்க மாட்டோம். கேட்காமல் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட மாட்டோம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். அழிக்கச் சொன்னால் அன்றைக்கே அழிப்போம்.

"போன்ல இருக்கறதை அழிச்சுப்போடலாம். என்ற தலையில இருக்கறதை எப்பிடிக் கண்ணு அழிக்கறது?" என்று மாஸ்டர் முன்னால் கேட்டேன். நல்ல கேள்வி, அவள் திணறுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதுக்குத்தானுங் மாமா டைரி" என்றாள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. இதுவரை அண்டாக்களின் மேல் ஒட்டுக் காகிதத்தில் 'இன்னார் வீட்டு நிச்சயம், புளிசாதம்' என்று எழுதி ஒட்டி, திறந்த டெம்போவில் ஊர் நடுவே கொண்டுபோவோம். பேருந்து நிலையத்துக்கே தெரிந்துவிடும். இனிமேல் வீட்டுப் பெயர் எழுதக் கூடாது, மறைபெயர் வேண்டும் என்றாள். மறைபெயர் சூட்டும் பொறுப்பை நானே ஏற்றேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு காய்கறி. உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உ

காய்கறி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நான் மாஸ்டரிடம் "முருங்கைக்கு சாம்பார் ஏத்துங்க" என்றேன். அவர் சாம்பாரில் முருங்கை போட்டு ஏற்றினார். அந்தச் சாம்பார் கத்திரிக்காய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முருங்கை வீட்டுக்கு மோர்க்குழம்பு போய்விட்டது.

"காய்கறிக் கடையில இருந்து பேர் வெச்சா காய்தான் போடுவேன். கவிதையா எழுதுவேன்?" என்றார் ஆறுச்சாமி.

இனி ஆற்றுப் பெயர்கள். நொய்யல், அமராவதி, பவானி. மாலையில் "பவானிக்கு உப்பைக் கொறைங்க" என்றதும் ஆறுச்சாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சம்சாரம் பெயர் பவானி. அந்த ஆறு மட்டும் நீக்கப்பட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

உ

பலகை வந்துவிட்டது. நானே ஏற்பாடு செய்தேன், தாரணிக்கு அதிர்ச்சி கொடுக்க. அவள் எழுதின தாளின் தலைப்பில் 'தனியுரிமைக் கொள்கை' என்று இருந்தது. இத்தனை வரி எதற்கு, சாரம் போதும் என்று, ஆர்டிஸ்ட் மதியிடம் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் போடச் சொன்னேன்:

சாமந்தி கேட்டரிங்
வாடிக்கையாளர் விவரங்களின் தனியுரிமை எங்களுடையது
தாரணி, உரிமையாளர்
தெய்வசிகாமணி, மேலாளர்

அடுப்படி வாசலில் மாட்டினோம். தாரணி வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"என்ன கண்ணு, எப்பிடி?"

"மாமா, தனியுரிமைன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"தனி உரிமை. நம்ம ஒருத்தருக்கு மட்டுமே உள்ள உரிமை. இந்த வாடிக்கை நம்முது, வேற எவனும் தொடக் கூடாது. புளியந்தோப்பை ஏலம் எடுத்தா நமக்குத்தானே தனி உரிமை."

மாஸ்டர் தலையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அவங்க புளியந்தோப்பு இல்லீங் மாமா" என்றாள் தாரணி. "அவங்க விவரம் அவங்களுது. யாருக்குத் தெரியோணும், யாருக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்கதான் சொல்லோணும். நம்மகிட்ட இருக்கறது இரவல். அண்டா கொண்டுபோய் வெச்சுட்டுத் திருப்பி எடுத்துட்டு வர்றமில்லீங்? அது மாதிரி அவங்க வூட்டுச் சங்கதி நம்ம வூட்ல இருக்குது. சொந்தம் கொண்டாட முடியுமா?"

இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லை அனுப்பினால் அதைத் தமிழில் இப்படியா வைப்பது? தனி, உரிமை. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். சேர்த்து வைத்ததும் கட்சி மாறிவிட்டன.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி.

உ

கொழுக்கட்டை ஆர்டர். நொய்யலுக்கு எள்ளு, அமராவதிக்குத் தேங்காய்ப் பூரணம்.

இரண்டு நாளாக ஒன்றை மண்டையில் போட்டு உருட்டினேன். பலகையை மாற்ற வேண்டுமானால் மதி மறுபடி முழுதாக எழுத வேண்டும் என்கிறான். இன்று காலை பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயைப் பொறுக்கும்போது தெரிந்துவிட்டது. ஒரே எழுத்துத்தான். எங்களுடையது என்பதில் எ-வை எடுத்துவிட்டு உ போட்டால் உங்களுடையது. மற்றபடி ஒரு புள்ளியைத் தொட வேண்டாம். மேலும் உ என்பது பிள்ளையார் சுழி. இந்த நாளில், இந்த எழுத்து. இதெல்லாம் தானாக அமைவதா?

மதியிடம் சிவப்பு தீர்ந்துவிட்டது. உ மட்டும் பச்சை.

வாடிக்கையாளர் விவரங்களின் தனியுரிமை உங்களுடையது.

தாரணி பார்த்தாள். இந்த முறை சிரித்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

ஆகஸ்ட் 30, சனி

உ

மருதாசலத்தின் ஆள் வந்து ஒரு தாளை நீட்டினான். மண்டபத்தில் சமைக்கிற கேட்டரிங்காரர்கள் எல்லோரும் மாதாமாதம் தங்கள் வாடிக்கையாளர் பெயர், நம்பர், விசேஷம், வீட்டில் கல்யாண வயதில் யார், மாசமாக யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மண்டபம் பதிவு செய்தவர்கள் மட்டுமல்ல, எங்கள் கைவசம் உள்ள எல்லோரும். கொடுக்காவிட்டால் மண்டபத்துச் சமையல்கட்டு வேறு ஆளுக்கு.

குபேர மஹால் போனால் எங்களுக்கு முக்கால்வாசி வேலை போகும். ஆறுச்சாமி போவார், பரிமாறுகிற பெண்கள் போவார்கள், டெம்போ போகும். தாரணிக்கு இது தெரியாததல்ல. அவள் தாளை நான்காக மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"குடுக்கறதில்லைன்னு சொல்லுங்க" என்றாள். தெரிந்தேதான் சொன்னாள். என் அக்கா மகள்.

செப்டம்பர் 1, திங்கள்

உ

ஏசி அறையிலிருந்து மறுபடி அழைப்பு. எனக்கு மட்டும், தாரணிக்குத் தெரியாமல். வெள்ளி டம்ளர். அதே பெண் அதே மூலையில். மேசைமேல் ஒரு சரிகைச் சால்வையும் இருந்தது.

"மேனேஜர் சார், உங்க புள்ளைக்கு வெவரம் பத்தாது" என்றார் முதலாளி. "போன தடவை எவ்வளவு அழகாச் சொன்னீங்க. அதே மாதிரி மிச்சத்தையும் சொல்லிப்போடுங்க. ஆயுத பூசைக்கு மேடையில உங்களுக்கு இந்தச் சால்வை."

நான் மேலே பார்த்து, கண்ணை மூடி, ஆரம்பித்தேன். அப்படிப் பேசியது என் வாழ்நாளில் கிடையாது. ஆனைமலையில் ஒரு ஜமீன் வீட்டுக் கல்யாணம், ஆறாயிரம் இலை, மாப்பிள்ளை வீட்டில் நாய்களுக்குக்கூடத் தனிப் பந்தி. தாராபுரத்தில் இரட்டைப் பெண்கள், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நிச்சயம். மடத்துக்குளத்தில் அறுபதாம் கல்யாணம், அந்த வீட்டிலேயே இரண்டு மருமகள்களும் ஏழு மாசம். ஒவ்வொன்றுக்கும் போன் நம்பர். அந்தப் பெண் தட்டித் தட்டி விரல் சிவந்துவிட்டது.

நம்பர்கள் எல்லாம் அசல்தான். பொய் நம்பர் சொல்கிறவன் அல்ல நான். டெம்போவில் போகும்போது முன்னால் போர்வெல் லாரி போகும். பின்னால் பெரிதாக நம்பர் எழுதியிருக்கும். ஊருக்குத் தெரியட்டும் என்று அவர்களே எழுதி வைத்தது. பார்த்தால் எனக்கு மறப்பதில்லை.

சால்வையைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

உ

மண்டபத்துக் காவல்காரர் சொன்ன தகவல். நகைக்கடைப் பெண்கள் இரண்டு நாளாகப் போர்வெல்காரர்களுக்குப் போன் போட்டு, மருமகளுக்கு வளைகாப்பு வாழ்த்து சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் திருப்பிப் போன் போட்டு, "எத்தனை அடி போடோணும்? பாறையா, மண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மண்டப வாசலுக்கே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, வரச்சொன்னது நீங்கள்தானே, டீசலுக்குப் பதில் சொல்லுங்கள் என்று குழாயை இறக்கத் தொடங்கிவிட்டாராம்.

தாரணியிடம் சொன்னேன். கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து. பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"மாமா, அவருக்கு உங்க மேல கோவம் வருமுங்க."

"வரட்டும்."

"நாளைக்கு அங்கதானுங்க முகூர்த்தம்."

"வரட்டும்னேன்."

செப்டம்பர் 4, வியாழன். முகூர்த்தம்.

உ

நானூறு இலை. இதில் மிகை கிடையாது, தாரணியும் நானூறு என்பாள். பலகையையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசலில் சாய்த்து வைத்தேன். யார் தடுப்பது பார்ப்போம் என்றுதான்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது மருதாசலம் வந்தார். பின்னால் நான்கைந்து பேர். பந்தியே திரும்பிப் பார்த்தது. லோகநாதனும் விருந்தாளியாக வந்து கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அந்த மேனேஜர்?" என்றார் முதலாளி. பலகையைச் செருப்பு நுனியால் தட்டினார். "தனியுரிமையாம். இந்த ஆளை வெச்சுக்கிட்டு தனியுரிமைப் பலகை. ஏம்மா தாரணி, போன மாசம் என்ற ரூம்ல உக்காந்து, உன்ற வாடிக்கை அத்தனை பேரையும் நம்பரோட ஒப்பிச்சது யாருன்னு கேட்டியா? உன்ற மாமன். ஒரு டம்ளர் காப்பிக்கு. ஓட்டை வாயி. நின்னு நெலைக்காது ஒரு சொல்லு."

லோகநாதன் என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியைப் பார்த்தேன். சாம்பாரில் ஒரு விசேஷமும் இல்லை.

தாரணி, "தெரியுமுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆறுச்சாமி என் காதருகே குனிந்தார். "செவ்வாக்கெழமைச் சங்கதியைச் சொல்லிப்போடுங்க. இப்ப, இங்கயே. மனுசன் வாயை மூடிட்டுப் போயிருவாரு."

உண்மை. ஒரே ஒரு வாக்கியம். நானூறு பேர் காது. வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு சபை அமைந்ததில்லை, இனி அமையவும் போவதில்லை. வாயில் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நின்றது. அவரும் என் முகத்தைப் பார்த்தார். நான் எதைச் சொல்லலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"முதலாளி, பலகையைச் சித்தெ நல்லாப் படிச்சுப்பாருங்க. உங்களுடையதுன்னு போட்டிருக்குதுங்க. சமைச்சுக் குடுக்கற எல்லா வூட்டுக்கும் சேத்துத்தானுங்க அது. ஒரு வூட்டைக் கூட விடலீங்க."

வாளியை மறுபடி எடுத்துக்கொண்டேன். பந்தியில் இருந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை, பாயசம் கேட்டார்கள். விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. அவர் பலகையிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

"முகூர்த்தம் முடிஞ்சதும் பாத்திரத்தை ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. இனி இந்தக் கட்டுல உங்களுக்கு அடுப்பில்லை" என்றார். குரலில் பழைய சத்தம் இல்லை.

"ஏத்திக்கறமுங்க" என்றாள் தாரணி. "மூணாம் பந்திக்கு எலை போடுங்க மாமா."

போட்டேன். அந்தப் பந்தியில் ஒருவர் இலையிலும் ஒரு குறை வைக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

உ

வேலை குறைவு. அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்தோம். ஆறுச்சாமி வேறு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றார். போகிறேன் என்று சொல்லவில்லை. "அங்க போனா என்ற சம்சாரத்துக்கு யாரு உப்புக் கொறைப்பாங்க?" என்றார்.

மதியம் லோகநாதன் வந்தார். வாசலில் நின்று பலகையை எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார்.

"இதுல உ மட்டும் வேற கலரா இருக்குதே" என்றார்.

"மொதல்ல தப்பா இருந்துச்சுங்க" என்றேன். "ரொம்பத் தப்பா இருந்துச்சுங்க. இப்பத்தான் மாத்துனமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை அங்கே சாம்பார் வாளி எதுவும் இல்லை, அதனால் நானும் பார்க்க வேண்டியதாயிற்று.

"மாத்துனா செரி" என்றார்.

உள்ளே போய்த் தாரணியிடம் ஏதோ பேசினார். புது ஆர்டர். ஒரு வீட்டுக்குத் தினமும் மதியச் சாப்பாடு, ஒரு ஆள், வேலைக்குத் திரும்பிப் போகிற ஒரு... இல்லை. இதை எழுதவில்லை. பெயர் நொய்யல். அவ்வளவுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

உ

காலையில் ஒரு பெண்குரல் போனில். குபேர மஹால் முதலாளி வீட்டு அம்மா. தயங்கித் தயங்கிப் பேசினார்கள்.

"இன்னைக்குத் தூக்கு வருங்களா? இல்ல, மண்டபத்துல ஆன சண்டையில..."

"வருமுங்க. அது வேற, இது வேறங்க" என்றாள் தாரணி.

நானே கொண்டுபோனேன். பின்வாசல். கதவைத் திறந்தது மருதாசலம். பனியனோடு, கண்ணெல்லாம் தூக்கமில்லாமல். தூக்கை வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பப் போனவர் நின்றார்.

"அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாமுங்க."

"ஏன் சொல்லலை?"

"உ போட்டாச்சுங்களே" என்றேன்.

மண்டபத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரத்துத் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார். நன்றாகக் கழுவி, துடைத்து வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். தூக்கில் என்ன என்று விரிவாக எழுதுவதாக முதல் நாளே வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதப்போவதில்லை. யாருக்காக என்றும் எழுதப்போவதில்லை. கேட்கிறவர்கள் வெள்ளி டம்ளரோடு வரட்டும், தங்க டம்ளரோடு வரட்டும்.

அதோடு, மதியம் முழுக்க உட்கார்ந்து பட்டையான மைப் பேனாவால் அடித்து எல்லாப் பக்கத்தையும் திருத்திவிட்டேன். மருதாசலம் என்பது அவர் பெயர் இல்லை, குபேர மஹால் என்பது மண்டபத்தின் பெயர் இல்லை. லோகநாதன், பிரவீணா, இரண்டும் நான் வைத்தவை. அந்த லோகநாதன் பார்ப்பது மின்வாரிய வேலையும் இல்லை. அது மாங்காய் சாதமும் இல்லை. தூக்கு போவது செவ்வாய்க்கிழமை இல்லை. நொய்யல் நொய்யல் இல்லை. ஊர் உடுமலைப்பேட்டையும் இல்லை. ஆறுச்சாமி, அவர் சம்சாரம், மதி பெயர்களைக்கூட மாற்றிவிட்டேன், எதற்கு வம்பு.

"உன்ற பேரையும் மாத்தட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங் மாமா. பலகையில இருக்குதே. பொறுப்பு யாருன்னு தெரியோணுமில்லீங்க" என்றாள்.

அதுவும் சரிதான். சாப்பிடுகிறவர் பெயர் உள்ளே இருக்க வேண்டும், சமைக்கிறவர் பெயர் வெளியே இருக்க வேண்டும். இந்த வரியையும் பலகையில் சேர்க்கலாமா என்று மதியிடம் கேட்க வேண்டும்.

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் சரி, எங்கே கொண்டுபோய்ப் படித்தாலும் சரி, எவர் வீட்டுச் சங்கதியும் இதில் அகப்படாது. இதில் அசலாக இருப்பது இரண்டு பேர் பெயர். ஒன்று தாரணி. இன்னொன்று என்னுடையது.

தெய்வசிகாமணி. மேலாளர்.